ஜியான்னி ரொடாரி

ஜியான்னி ரொடாரி (அக்டோபர் 23, 1920 - ஏப்ரல் 14, 1980) இத்தாலி நாட்டைச் சேர்ந்த சிறுவர் எழுத்தாளரும் கவிஞரும் இதழாளரும் ஆவார். இளமையில் தொடக்கப் பள்ளி ஆசிரியராகவும் பணியாற்றினார். இவரது முழுப்பெயர் ஜொவான்னி பிரான்செஸ்கோ ரொடாரி என்பதாகும். சிறுவர் இலக்கியத்துக்கான உயரிய பன்னாட்டு விருதாகிய ஆன்சு கிறித்தியன் ஆண்டர்சன் விருதை 1970 ஆம் ஆண்டில் பெற்றார். இத்தாலிய எழுத்தாளர்களுள் இவ்விருதை முதலில் பெற்றவர் இவரே.

உவமை, உருவகம், விடுகதை ஆகியவை கவிஞர்களுக்கு மட்டும் உரிய அணிகலன்கள் அல்ல, எல்லாச் சிறுவர்களும் கையாளத்தக்க சிந்தனைக் கருவிகள் என்பது இவரது அடிப்படைக் கருத்தாகும். அவற்றை வகுப்பறையில் படிப்படியாகக் கற்பிக்கும் வழிமுறைகளை 1973 ஆம் ஆண்டில் வெளிவந்த 'கற்பனையின் இலக்கணம்' என்ற நூலில் விளக்கினார். ஆசிரியர்களுக்காக எழுதப்பட்ட இந்நூல் தொடக்கக் கல்வித் துறையில் பரவலாகப் பயன்படுத்தப்பட்ட நூல்களுள் ஒன்றாகும்.

பிறப்பும் இளமையும்

ரொடாரி வட இத்தாலியின் பியெமொன்ட்டே பகுதியில், ஓர்த்தா ஏரிக்கரையில் அமைந்துள்ள ஒமேஞ்ஞா என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை ஜுசெப்பே ரொட்டி சுடும் அடுமனை ஒன்றை நடத்தி வந்தார். தாய் மத்தலேனா. இவருக்குச் செசாரே என்ற தம்பி இருந்தார்.

1929 ஆம் ஆண்டில் கடும் மழையில் சிக்கித் தவித்த ஒரு பூனைக்குட்டியைக் காப்பாற்றச் சென்ற தந்தை, முற்றிலும் நனைந்து, நுரையீரல் அழற்சி கண்டு சில நாட்களில் இறந்தார். நனைந்த உடலோடு அடுப்பில் முதுகைச் சாய்த்துக் குளிர்காய முயன்ற தந்தையின் தோற்றம் ரொடாரியின் மனதில் நிலைத்துவிட்டது. இந்நினைவைப் பல ஆண்டுகளுக்குப் பின் 'கற்பனையின் இலக்கணம்' நூலிலும் பதிவு செய்தார். எளிய ஒரு சொல் எத்தகைய நினைவுகளை எழுப்பக்கூடும் என்பதை இவர் தமது வாழ்விலிருந்தே அறிந்திருந்தார் எனலாம்.

தந்தையின் மறைவுக்குப் பின் தாய் தம் பிள்ளைகளுடன் வரேசே நகருக்கு அருகிலுள்ள தமது சொந்த ஊரான கவிராத்தேக்குக் குடிபெயர்ந்தார். ரொடாரி சில காலம் செவேசோவில் இருந்த கத்தோலிக்கக் குருமடத்தில் கல்வி பயின்றார். பின்னர் அதிலிருந்து விலகி ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, 1937 ஆம் ஆண்டில் பட்டயம் பெற்றார். மிலான் நகரின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் மொழிகள் பயிலச் சேர்ந்தபோதிலும் படிப்பை நிறைவு செய்யவில்லை.

ஆசிரியப் பணி

1937-38 குளிர்காலத்தில், இட்லரின் ஆட்சிக்கு அஞ்சி இத்தாலிக்கு வந்திருந்த செருமானிய யூதக் குடும்பத்தினரின் பிள்ளைகளுக்கு இத்தாலிய மொழி கற்பிக்கும் பணி இவருக்குக் கிடைத்தது. மஜ்ஜோரே ஏரியை அடுத்த குன்றுகளில் இருந்த ஒரு பண்ணை வீட்டில் அவர்களுடன் தங்கினார். காலையில் பாடம் நடத்திவிட்டு, எஞ்சிய பொழுதைக் காடுகளில் நடப்பதிலும் நூல்களைப் படிப்பதிலும் கழித்தார்.

அப்போதுதான் செருமானியக் கவிஞர் நொவாலிசின் சிறு குறிப்பு ஒன்று இவரது கண்ணில் பட்டது. சிந்தனைக்கு அளவையியல் இருப்பதைப் போலக் கற்பனைக்கும் ஓர் இயல் இருக்குமானால், புதியன புனையும் கலையைக் கண்டறிந்துவிடலாம் என்பது அக்குறிப்பின் கருத்து. பின்னர் பிரெஞ்சு மீயதார்த்தக் கவிஞர்களின் எழுத்துக்களைப் படித்தபோது, அத்தகைய வழிமுறைகள் உண்மையிலேயே இருக்கக்கூடும் என்ற நம்பிக்கை இவருக்கு ஏற்பட்டது. தமது கதைகள் எவ்வாறு உருவாகின்றன என்பதைக் கவனித்து ஒரு குறிப்பேட்டில் எழுதி வரத் தொடங்கினார்.

அடுத்த சில ஆண்டுகளில் வரேசே பகுதியின் சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளில் ஆசிரியராகப் பணிபுரிந்தார். அக்காலத்தில் இத்தாலியை முசோலினியின் பாசிச அரசு ஆண்டு வந்தது. 1930 முதல் தொடக்கப் பள்ளிகள் அனைத்திலும் அரசே வெளியிட்ட ஒரே பாடநூல் பயன்படுத்தப்பட்டது. நாட்டுப்பற்று முழக்கங்களும் தலைவர் புகழ்ச்சியும் அப்பாடநூல்களில் நிறைந்திருந்தன. அலங்காரச் சொற்கள் அங்கே சிந்தனையைத் தூண்டப் பயன்படவில்லை, அதற்கு மாற்றாக நின்றன. இச்சூழலில் ரொடாரி தமது வகுப்புச் சிறுவர்களுக்கு வேடிக்கையான கதைகளைச் சொன்னார். அக்காலத்தில் தாம் போதிய பயிற்சி இல்லாத ஆசிரியராகவே இருந்ததாகவும், எனினும் மாணவர்களுக்குச் சலிப்பூட்டியிருக்க மாட்டார் என நம்புவதாகவும் பிற்காலத்தில் இவர் எழுதியுள்ளார்.

போர்க்காலம்

இரண்டாம் உலகப் போரின்போது உடல்நலக் குறைவு காரணமாக முதலில் இவருக்குப் படைச் சேவையிலிருந்து விலக்களிக்கப்பட்டது. வேலை பெறும் பொருட்டுப் பாசிசக் கட்சியில் உறுப்பினரானார். போர் இவரது நெருங்கிய நண்பர்கள் இருவரின் உயிரைப் பறித்தது. அவர்களுள் ஒருவரான அமெதேயோ உருசியப் போர்முனையில் மடிந்தார். தம்பி செசாரே செருமனியில் சிறை முகாமில் அடைக்கப்பட்டார். இந்நிகழ்வுகள் ரொடாரியின் வாழ்வில் பெரும் திருப்பத்தை ஏற்படுத்தின.

1943 இறுதியில் படைக்கு அழைக்கப்பட்டு, மிலான் நகரில் ஒரு படைத்துறை மருத்துவமனையில் பணியமர்த்தப்பட்டார். விரைவில் அங்கிருந்து வெளியேறி, பாசிச எதிர்ப்பு இயக்கத்தில் இணைந்தார். 1944 ஆம் ஆண்டில் இத்தாலியப் பொதுவுடைமைக் கட்சியில் சேர்ந்தார்.

இதழியல் பணி

போர் முடிந்த பின் ரொடாரி பள்ளிக்குத் திரும்பவில்லை. வரேசேயில் கட்சி இதழ் ஒன்றில் பணியாற்றினார். 1947 ஆம் ஆண்டில் மிலான் நகரில் பொதுவுடைமைக் கட்சியின் நாளிதழான 'லூனித்தா'வில் சேர்ந்தார். அவ்விதழின் ஞாயிறு பக்கத்தில் சிறுவர்களுக்கெனச் சிறு பாடல்கள் எழுதும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார். அப்பாடல்கள் பெரும் வரவேற்பைப் பெற்றன. தொழிலாளர் குடும்பத்துச் சிறுவர்களும் பெற்றோரும் தங்கள் வாழ்வைப் பற்றிய பாடல்களைக் கேட்டு இவருக்குக் கடிதங்கள் எழுதினர்.

1950 ஆம் ஆண்டில் உரோம் நகருக்கு அழைக்கப்பட்டு, தீனா ரினால்தியுடன் இணைந்து 'பியொனியேரே' என்ற சிறுவர் வார இதழைத் தொடங்கினார். பொதுவுடைமை இயக்கத்தைச் சார்ந்த இவ்விதழைக் கத்தோலிக்கத் திருச்சபை வட்டாரங்கள் கடுமையாக எதிர்த்தன. மறுபுறம் சொந்தக் கட்சிக்குள்ளும் கருத்து வேறுபாடு எழுந்தது. 1951 இறுதியில் கட்சித் தலைவர்களுள் ஒருவரான நில்தே யோத்தி படக்கதைகள் சிறுவர்களுக்குத் தீங்கு விளைவிப்பவை என எழுதியபோது, ரொடாரி அவற்றுக்கு ஆதரவாக வாதிட்டார். கட்சித் தலைவர் தொல்யாத்தி ரொடாரியின் கருத்தை ஏற்கவில்லை.

1953 ஆம் ஆண்டில் மரியா தெரேசா பெரெத்தியை மணந்தார். 1957 ஆம் ஆண்டில் இவர்களுக்குப் பாவோலா என்ற மகள் பிறந்தார். 1958 முதல் 'பயேசே சேரா' என்ற உரோம் நாளிதழில் பணியாற்றினார்.

சிறுவர் இலக்கியம்

1951 ஆம் ஆண்டில் இவரது முதல் பாடல் தொகுப்பும், 'சிப்பொல்லீனோ' என்ற கதையும் நூல்களாக வெளிவந்தன. சிப்பொல்லீனோ என்பவன் வெங்காயச் சிறுவன். காய்கறிகளும் பழங்களும் மாந்தர்களாக வாழும் நாட்டில், எலுமிச்சை இளவரசனின் காலை மிதித்துவிட்ட குற்றத்திற்காக அவனது தந்தை சிறையிடப்படுகிறார். தக்காளிப் பிரபுவையும் பிற அதிகாரிகளையும் எதிர்த்து அவன் போராடுவதே கதை. ஏழை, செல்வர், ஆள்வோர், ஆளப்படுவோர் ஆகியோரைக் காய்கனிகளாக உருவகித்துச் சொன்ன இக்கதை, சாமுவில் மர்சாக்கின் மேற்பார்வையில் உருசிய மொழியில் பெயர்க்கப்பட்டு, 1953 ஆம் ஆண்டில் சோவியத் ஒன்றியத்தில் வெளிவந்தது. அங்கு மிகப் பெரும் புகழ் பெற்றது. 1961 ஆம் ஆண்டில் அசைவூட்டத் திரைப்படமாகவும், பின்னர் கரேன் கச்சதுரியானின் இசையில் பாலே நடனமாகவும் உருவாக்கப்பட்டது.

சொந்த நாட்டில் இவருக்குப் பரவலான ஏற்பு 1960 ஆம் ஆண்டில் எய்னாவுதி பதிப்பகம் இவரது பாடல்களை வெளியிட்ட பின்னரே கிடைத்தது. 1962 ஆம் ஆண்டில் வெளிவந்த 'தொலைபேசிக் கதைகள்' இவரது மிகவும் அறியப்பட்ட நூலாகும். ஊர் ஊராகச் சென்று மருந்து விற்கும் பியான்கி என்பவர், ஒவ்வோர் இரவும் தம் மகளுக்குத் தொலைபேசியில் ஒரு கதை சொல்கிறார். தொலைபேசிக் கட்டணம் அதிகம் என்பதால் கதைகள் சிறியனவாக உள்ளன.

இத்தொகுப்பில் உள்ள படிகச் சிறுவனின் கதை குறிப்பிடத்தக்கது. உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசாத மனிதரை ஒளிவு மறைவற்றவர் என்கிறோம். இக்கதையின் நாயகன் உண்மையிலேயே படிகம் போன்ற உடல் கொண்டவன். அவன் நினைப்பது நெற்றியின் ஊடே வெளியில் தெரியும். நாட்டைக் கைப்பற்றிய கொடுங்கோலன் அவனைச் சிறையில் அடைக்கிறான். உடனே சிறைச் சுவர்களும் படிகமாகி, இரவில் நகரெங்கும் ஒளி வீசுகின்றன. கொடுங்கோலனால் உறங்க முடியவில்லை. மொழியில் வழங்கும் ஓர் உருவகத்தை அப்படியே நிகழ்ச்சியாக மாற்றிக் கதை புனையும் இவரது முறைக்கு இது நல்ல எடுத்துக்காட்டாகும்.

1964 ஆம் ஆண்டில் 'பிழைகளின் புத்தகம்' வெளிவந்தது. எழுத்துப் பிழைகளால் பிறக்கும் வேடிக்கைகளைக் கொண்டு இந்நூலின் கதைகளும் பாடல்களும் அமைந்துள்ளன. இத்தாலிய மொழியில் ஊசி என்னும் சொல்லுக்கும் ஏரி என்னும் சொல்லுக்கும் இடையே உச்சரிப்பில் வேறுபாடு மிகக் குறைவு. ஒற்றைக் குறி விடுபட்டால் ஊசி ஏரியாகிவிடும். இந்நூலுக்கும் இவரது பிற எய்னாவுதி நூல்கள் சிலவற்றுக்கும் ஓவியம் வரைந்தவர் புகழ்பெற்ற கலைஞர் புருனோ முனாரி ஆவார்.

பள்ளிகளுடன் உறவு

1960களில் ரொடாரி இத்தாலியின் பல பகுதிகளுக்கும் சென்று தொடக்கப் பள்ளிச் சிறுவர்களைச் சந்தித்தார். அக்காலம் இத்தாலியக் கல்வியில் பெரும் மாற்றங்கள் நிகழ்ந்த காலமாகும். 1962 ஆம் ஆண்டின் சட்டம், 14 அகவை வரை அனைவருக்கும் பொதுவான பள்ளிக் கல்விக்கு வழி வகுத்தது. வீட்டில் வட்டார வழக்கு மட்டுமே பேசிய உழவர், தொழிலாளர் பிள்ளைகள் பெருமளவில் பள்ளிகளுக்கு வந்தனர். ஏட்டு மொழி தெரியாததால் அவர்களுள் பலர் தேர்வுகளில் தோற்றனர். இதனைக் கண்டித்து, அருட்தந்தை லொரென்சோ மிலானியின் பார்பியானா பள்ளி மாணவர்கள் எழுதிய நூல் 1967 ஆம் ஆண்டில் வெளிவந்து நாடெங்கும் விவாதத்தைக் கிளப்பியது.

பிரெஞ்சுக் கல்வியாளர் செலஸ்தென் பிரெனேயின் வழியில் 1951 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கல்விக் கூட்டுறவு இயக்கத்தின் ஆசிரியர்களுடன் ரொடாரி நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தார். மாணவர்களுடன் சேர்ந்து கதைகளை எழுதி வந்த ஆசிரியர் மாரியோ லோதியும் அவ்வியக்கத்தைச் சேர்ந்தவரே.

1966 ஆம் ஆண்டில் நூலாக வந்த 'வானில் ஒரு கேக்கு' என்ற கதை, உரோம் நகரின் புறநகர்ப் பகுதியான துருல்லோவில், மரியா லுயிசா பிஜ்யாரெத்தி என்னும் ஆசிரியையின் வகுப்புச் சிறுவர்களோடு சேர்ந்து உருவாக்கப்பட்டது. வானில் தோன்றும் மாபெரும் வட்டப் பொருளைக் கண்டு பெரியவர்கள் பகைவரின் படையெடுப்பு என அஞ்சுகின்றனர். அது ஒரு கேக்கு என்பதைச் சிறுவர்கள் கண்டுபிடிக்கின்றனர். அணுகுண்டுச் சோதனையில் நேர்ந்த பிழையால் காளான் வடிவப் புகைமேகம் கேக்காக மாறிவிட்டது என்பது இறுதியில் தெரிய வருகிறது.

1968 முதல் 1977 வரை 'பெற்றோர் இதழ்' என்ற கல்வி இதழின் ஆசிரியராகவும் ரொடாரி பணியாற்றினார்.

ரெஜ்ஜோ எமிலியா சந்திப்புகள்

வட இத்தாலியில் உள்ள ரெஜ்ஜோ எமிலியா நகரம், கல்வியாளர் லோரிஸ் மலகுத்சியின் வழிகாட்டலில் நகராட்சி நடத்திய மழலையர் பள்ளிகளுக்குப் பெயர் பெற்றதாகும். 1972 மார்ச் 6 முதல் 10 வரை அந்நகராட்சியின் அழைப்பின் பேரில், மழலையர் பள்ளி முதல் இடைநிலை வரையிலான ஏறத்தாழ 50 ஆசிரியர்களுக்கு ரொடாரி பயிற்சி நடத்தினார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தாம் சேர்த்து வைத்திருந்த குறிப்புகளை முதன்முறையாக ஒழுங்குபடுத்தி அங்கே எடுத்துரைத்தார். அவ்வுரைகளே விரிவாக்கப்பட்டு அடுத்த ஆண்டில் 'கற்பனையின் இலக்கணம்' என்ற நூலாயின. இந்நூலை அவர் ரெஜ்ஜோ எமிலியா நகருக்குக் காணிக்கையாக்கினார்.

கற்பனையின் இலக்கணம்

இது கதைக் கொள்கை பற்றிய ஆய்வு நூல் அன்று. சிறுவர்கள் சொற்களைக் கொண்டு புதியன புனைய உதவும் வழிமுறைகளின் தொகுப்பாகும். உருசிய உளவியலாளர் வைகோத்சுக்கி, பிரெஞ்சு உளவியலாளர் ஆன்றி வலோன், உருசிய இலக்கியத் திறனாய்வாளர் விக்டர் சுக்லொவ்சுக்கி, நாட்டுப்புறக் கதைகளை ஆராய்ந்த விளாதிமிர் பிராப் ஆகியோரின் கருத்துக்களை ரொடாரி இந்நூலில் எளிமையாகப் பயன்படுத்தியுள்ளார். நூலில் இடம்பெறும் முக்கிய வழிமுறைகள் பின்வருமாறு.

குளத்தில் எறிந்த கல்

குளத்தில் எறிந்த கல் மேற்பரப்பில் அலை வட்டங்களை எழுப்புகிறது. அடியில் உள்ள சேற்றையும் கலக்குகிறது. மனதில் விழும் ஒரு சொல்லும் அவ்வாறே ஒலிகளையும் உருவங்களையும் நினைவுகளையும் அடுக்கடுக்காக எழுப்பும் என்பது ரொடாரி கூறும் உவமையாகும். இதனை விளக்க, கல் என்ற பொருள் தரும் இத்தாலியச் சொல்லையே எடுத்துக்கொண்டார். அதே எழுத்தில் தொடங்கும் சொற்கள், அதனோடு எதுகை பெறும் சொற்கள், பொருளால் நெருங்கிய சொற்கள் என வரிசைப்படுத்தினார்.

அச்சொல் இவருக்கு மஜ்ஜோரே ஏரிக்கரைப் பாறையில் அமைந்த ஒரு பழைய திருத்தலத்தை நினைவூட்டியது. அத்தலத்தின் பெயரிலும் கல் என்ற சொல் உள்ளது. இளமையில் அங்கே மிதிவண்டியில் உடன் வந்த நண்பர் அமெதேயோவின் நினைவும், அவர் உருசியாவில் மடிந்த துயரமும் தொடர்ந்து எழுந்தன. சிறுவர்களுக்கான பயிற்சி ஒன்றின் விளக்கத்தில் இத்தகைய நினைவு இடம்பெறுவது வியப்பளிக்கலாம். ஆயினும் சொற்களுக்கு அகராதிப் பொருள் மட்டுமின்றி, அவற்றைப் பேசுவோரின் வாழ்வும் பொருளாகிறது என்பதை இது தெளிவாக உணர்த்துகிறது.

கற்பனை இணை

ஒற்றை மின்முனையில் பொறி பிறப்பதில்லை. இரண்டு முனைகள் வேண்டும். அதுபோல ஒற்றைச் சொல்லால் கதை பிறப்பதில்லை; ஒன்றுக்கொன்று தொலைவான இரு சொற்கள் மோத வேண்டும் என்றார் ரொடாரி. வகுப்பில் ஒரு சிறுவன் கரும்பலகையின் முன்பக்கத்தில் ஒரு சொல்லை எழுதுவான். மற்றொருவன் அதே நேரத்தில் பின்பக்கத்தில் வேறொரு சொல்லை எழுதுவான். பலகையைத் திருப்பும்போது, எடுத்துக்காட்டாக, நாய் என்ற சொல்லுடன் அலமாரி என்ற சொல் சேர்ந்து வரும். சிறுவர்கள் சிரிப்பார்கள். கதை அங்கே தொடங்குகிறது.

நாயும் குதிரையும் இணைந்தால் பொறி பிறப்பதில்லை. இரண்டும் விலங்குகளே என்பதால் அவற்றிடையே தொலைவு போதாது. நாயையும் அலமாரியையும் இணைக்க மனம் முயல வேண்டியுள்ளது. அலமாரியுடன் நாய், நாயின் அலமாரி, அலமாரிமேல் நாய், அலமாரிக்குள் நாய் என ஒவ்வோர் இணைப்பும் ஒரு கதைக்கு வித்தாகிறது. இத்தாலிய மொழியில் முன்னிடைச் சொற்கள் செய்யும் இப்பணியைத் தமிழில் வேற்றுமை உருபுகளும் சொல்லுருபுகளும் செய்கின்றன. நல்ல உவமைக்கும் இதே விதி பொருந்துவதைக் காணலாம். தொலைவில் உள்ள இரு பொருள்களிடையே எதிர்பாராத ஒற்றுமை புலப்படும்போதே உவமை சுவைக்கிறது.

விடுகதை அமைத்தல்

உருவகம் உருவாகும் விதத்தைச் சிறுவர்களுக்கு உணர்த்த மிக ஏற்ற வடிவமாக ரொடாரி விடுகதையைக் கருதினார். விடுகதை அமைப்பதை அவர் மூன்று படிகளாகப் பிரித்தார். எழுதுகோலை எடுத்துக்காட்டாகக் கொண்டு அவர் தரும் விளக்கத்தின் சுருக்கம் வருமாறு:

1. அயலாக்கல்: பொருளை முதன்முறை காண்பதுபோல் நோக்க வேண்டும். அதன் பெயரையும் வழக்கமான பயனையும் மறந்துவிட வேண்டும். அப்போது எழுதுகோல் என்பது, வெளிர்நிறப் பரப்பில் நகர்ந்து கருநிறத் தடம் பதிக்கும் ஒரு கோல் மட்டுமே.
2. ஒப்பிடல்: இவ்வாறு கண்ட கூறுகள் வேறு எவற்றை நினைவூட்டுகின்றன எனத் தேட வேண்டும். வெளிர்நிறப் பரப்பு ஒரு வெண்ணிற வயலாகலாம். பனி மூடிய நிலமாகலாம். கருநிறத் தடம் ஒரு பாதையாகலாம்.
3. உருவகம்: பொருளை மறைத்து, ஒப்புமையை மட்டும் கூற வேண்டும். வெள்ளை வயலில் கரிய பாதை இடும் பொருள் எது என்ற வினா பிறக்கிறது.

விரும்பினால் நான்காவதாக இவ்வினாவுக்குப் பாட்டு வடிவம் தரலாம்.

இவற்றுள் முதற்படியே இன்றியமையாதது என ரொடாரி வலியுறுத்தினார். உருவகத்தைக் கற்பிக்கும் பாடநூல்கள் பெரும்பாலும் முடிந்த உருவகத்தைக் காட்டி, அதன் இலக்கணப் பெயரைக் கேட்கின்றன. ரொடாரியின் முறையில் மாணவர் பொருளைக் கூர்ந்து நோக்குவதில் தொடங்கி, இறுதியில் உருவகத்தை வந்தடைகிறார். பெயர் தெரியாவிட்டாலும் அது எவ்வாறு இயங்குகிறது என்பது அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

உருவகத்தை நேர்ப்பொருளில் கொள்ளல்

அன்றாடப் பேச்சில் எண்ணற்ற உருவகங்கள் உறைந்து கிடக்கின்றன. பழகிப்போனதால் அவற்றை உருவகம் என நாம் உணர்வதில்லை. அவற்றை நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டால் கதைகள் பிறக்கும் என்றார் ரொடாரி. மிகத் துல்லியமாக ஓடும் கடிகாரத்தை, நிமிடத்தைப் பிளக்கும் கடிகாரம் என்பது இத்தாலிய வழக்கு. நிமிடத்தைப் பிளக்கும் கடிகாரம் கல்லையும் பிளக்குமா என்று கேட்டால் ஒரு கதை கிடைக்கிறது.

தமிழில் பொறி கலங்கியது என்பதைப் போல, வலி தாங்காத நிலையை விண்மீன்களைக் காண்பது என்று இத்தாலியர் கூறுவர். பகலிலும் விண்மீன்களைக் காண விரும்பிய ஓர் அரசனின் கதையை இதிலிருந்து ரொடாரி புனைந்தார். சுத்தியலால் காலில் அடித்துக்கொண்டால் பகலிலும் விண்மீன் தெரியும் என்ற வழி அவனுக்குச் சொல்லப்படுகிறது. ஒருமுறை வலியை உணர்ந்த அரசன், பின்னர் அடி வாங்கும் பொறுப்பை அரண்மனை வானியலாளரிடம் ஒப்படைக்கிறான். வேடிக்கைக் கதையாக இருப்பினும், இதனைக் கேட்டுச் சிரிக்கும் சிறுவன் சொல்லின் நேர்ப்பொருளையும் வழக்குப் பொருளையும் ஒரே நேரத்தில் அறிந்திருக்க வேண்டும். அவ்விரண்டையும் பிரித்தறிவதே உருவகத்தை அறிவதாகும்.

முன்னொட்டும் பிழையும்

நீதி என்பதனோடு அகரம் சேர்ந்து அநீதி என எதிர்ப்பொருள் தருவதைப் போல, இத்தாலிய மொழியில் சில சொற்களின் முன் சகர ஒலியைச் சேர்த்தால் பொருள் தலைகீழாகும். இந்த முன்னொட்டைச் சேராத சொற்களோடு சேர்த்து ரொடாரி புதிய பொருள்களை உருவாக்கினார். போரைத் தொடங்குவதற்குப் பதில் போரை அழிக்கும் எதிர்ப்பீரங்கி அவற்றுள் ஒன்று.

சிறுவர்களின் எழுத்துப் பிழைகளையும் இவ்வாறே பயன்படுத்தினார். நூல் என்னும் இத்தாலியச் சொல்லில் ஒரு மெய்யெழுத்தை இரட்டித்து எழுதிய மாணவரின் நூல், மற்ற நூல்களைவிட எடை மிகுந்ததா எனக் கேட்கலாம் என்றார். பிழை திருத்தப்பட வேண்டும் என்பதை அவர் மறுக்கவில்லை. தவறுகளிலிருந்து கற்கலாம் என்பதோடு, தவறுகளிலிருந்து புனையவும் முடியும் என்பதையே அவர் சேர்த்துக் கூறினார்.

மேற்கண்டவை தவிர, மிலான் நகரைத் திடீரெனக் கடல் சூழ்ந்தால் என்ன ஆகும் என்பன போன்ற கற்பனை வினாக்கள், பழங்கதைகளைத் தலைகீழாகச் சொல்லுதல், பிராப் வகுத்த கதைக்கூறுகளைச் சீட்டுகளாக்கிக் கதை அமைத்தல் ஆகிய முறைகளும் நூலில் விளக்கப்பட்டுள்ளன.

கல்விச் சிந்தனை

சொற்களின் எல்லாப் பயன்பாடுகளும் எல்லாருக்கும் கிடைக்க வேண்டும் என்பது ரொடாரியின் நிலைப்பாடாகும். அனைவரையும் கலைஞராக்குவது இதன் நோக்கமன்று. எவரும் அடிமையாக இருக்கக்கூடாது என்பதே நோக்கம் என அவர் விளக்கினார். முழக்கங்களை மனப்பாடம் செய்வித்த பள்ளிகளில் பணிபுரிந்தவர் என்பதை நினைவிற்கொண்டால், இக்கருத்தின் பின்னணி விளங்கும். ஒப்புமைகளைத் தாமே படைக்கத் தெரிந்தவர், பிறர் தரும் ஒப்புமைகளுக்கு எளிதில் மயங்கமாட்டார். கணிதமும் அறிவியலும் உட்பட எல்லாத் துறைகளுக்கும் கற்பனை தேவை என்பதையும் அவர் வலியுறுத்தினார்.

விமர்சனங்கள்

சிறுவர் எழுத்தாளர் என்ற காரணத்தால், ரொடாரி வாழ்ந்த காலத்தில் இத்தாலிய இலக்கியத் திறனாய்வாளர்களுள் பெரும்பாலோர் இவரைப் பொருட்படுத்தவில்லை. தொடக்ககாலப் படைப்புகளில் அரசியல் கருத்து மேலோங்கியுள்ளது என்ற குறையும் கூறப்பட்டது.

இவரது முறைகள் பாடநூல்களில் இடம்பெற்ற பின், அவை இயந்திரத்தனமான பயிற்சிகளாகச் சுருங்கிவிடும் இடரும் எழுந்தது. இரு சொற்களைத் தந்து கதை எழுதச் சொல்லுவதோடு நின்றுவிட்டால், அதுவும் வழக்கமான வீட்டுப்பாடமே. தாம் தருவது முழுமையான கோட்பாடு அன்று என்றே ரொடாரியும் தமது நூலில் குறிப்பிட்டுள்ளார்.

இறுதிக்காலம்

1970களில் தொடர்ந்து பள்ளிகளுக்குப் பயணம் செய்தார். 1978 ஆம் ஆண்டில் வெளிவந்த 'பிரபு லம்பெர்த்தோ' என்ற கதை, இவர் பிறந்த ஓர்த்தா ஏரியில் உள்ள தீவைக் களமாகக் கொண்டது. 1979 ஆம் ஆண்டில் சோவியத் ஒன்றியத்துக்குச் சென்று அங்குள்ள சிறுவர்களைச் சந்தித்தார். அதன்பின் உடல்நலம் குன்றியது. இரத்தக்குழாய் நோய்க்காகச் செய்யப்பட்ட அறுவைச் சிகிச்சையைத் தொடர்ந்து, 1980 ஏப்ரல் 14 அன்று உரோம் நகரில் தமது 59 ஆவது அகவையில் காலமானார்.

தாக்கமும் நினைவும்

'கற்பனையின் இலக்கணம்' பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. ஆங்கிலத்தில் ஜாக் சைப்சின் மொழிபெயர்ப்பு 1996 ஆம் ஆண்டில் வெளிவந்தது. இத்தாலியில் பல பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் இவரது பெயர் சூட்டப்பட்டுள்ளது. 1979 ஆம் ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்ட 2703 ஆம் எண் சிறுகோளுக்கு ரொடாரி எனப் பெயரிடப்பட்டது.

இவரது நூற்றாண்டான 2020 இல், இத்தாலியின் செவ்வியல் எழுத்தாளர்களின் படைப்புகளை வெளியிடும் புகழ்பெற்ற மெரிதியானி வரிசையில் இவரது படைப்புகளின் தொகுப்பு வெளிவந்தது. வாழ்ந்த காலத்தில் கிட்டாத இலக்கிய ஏற்பு, இறந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பின் இவருக்குக் கிடைத்தது.

குறிப்பிடத்தக்க நூல்கள்

- சிப்பொல்லீனோ (1951)
- பொய்யர் நாட்டில் ஜெல்சொமீனோ (1958)
- வானிலும் மண்ணிலும் சிறுவர் பாடல்கள் (1960)
- தொலைபேசிக் கதைகள் (1962)
- பிழைகளின் புத்தகம் (1964)
- வானில் ஒரு கேக்கு (1966)
- விளையாடப் பல கதைகள் (1971)
- கற்பனையின் இலக்கணம் (1973)
- பிரபு லம்பெர்த்தோ (1978)